மறுமணம் பதிவானதும் மாற்றாந்தந்தை கார்டியன் ஆகிவிடுகிறாரா?

4-8-2025, காலை 9.10 | இரண்டாம்பக்கம்

வாட்ஸ்அப்பில் ஒரு "சட்டத் துணுக்கு" சுற்றுகிறது. மூன்றாவது வரி இது: "தாய் மறுமணம் செய்து அதைப் பதிவும் செய்துவிட்டால், புதுக் கணவர் குழந்தைக்குத் தானாகவே சட்டப்படி கார்டியன்." சரியென்றே நினைக்கிறேன். பள்ளிகள் அப்படித்தான் கையெழுத்து வாங்குகின்றன. மறுப்பவர்கள் பிரிவு எண்ணோடு வரவும்.

4-8-2025, காலை 9.55 | முத்திரைத்தாள்

தப்பு. எண் இதோ: இந்து மைனர் காப்பாளர் சட்டம், 1956, பிரிவு 6. இயற்கைக் காப்பாளர் (யாரும் நியமிக்காமலே சட்டம் ஏற்கும் கார்டியன்) யார் யார் என்று சொல்லி முடித்துவிட்டு அடியில் ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். இந்தப் பிரிவில் வரும் 'தந்தை', 'தாய்' என்ற சொற்களில் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் அடங்க மாட்டார்கள். ஒரே வரி, சந்துபொந்து இல்லை.

திருமணச் சான்று கணவன் மனைவி உறவுக்குத்தான் அத்தாட்சி. குழந்தையைப் பற்றி அதில் ஒரு எழுத்தும் கிடையாது.

அதே பிரிவில் முதலில் தந்தை, 'அவருக்குப் பின்' தாய் என்று இருப்பதைப் பார்த்துத் தாய்மார்கள் பயப்பட வேண்டாம். 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் 'பின்' என்ற சொல்லை விரித்துவிட்டது. தந்தை செத்த பின் என்று மட்டும் அர்த்தமில்லை. அவர் குழந்தையைக் கவனிக்காமல் ஒதுங்கிய நிலையிலும் தாயே காப்பாளர்.

4-8-2025, காலை 10.20 | இரண்டாம்பக்கம்

அப்படியானால் பள்ளி வாங்கும் கையெழுத்து செல்லாதா?

4-8-2025, பகல் 12.40 | பத்திரக்கட்டு

செல்லும். ஆனால் அதற்குக் காரணம் வேறு சட்டம். 2009 கல்வி உரிமைச் சட்டம் பிரிவு 2(கே) 'பெற்றோர்' என்பதற்கு பெற்ற தந்தை அல்லது தாய், மாற்றாந்தந்தை அல்லது மாற்றாந்தாய், தத்தெடுத்த தந்தை அல்லது தாய் என்று பொருள் சொல்கிறது. பள்ளியில் சேர்ப்பது, பெற்றோர் கூட்டத்தில் உட்காருவது, ரேங்க் கார்டில் கையெழுத்துப் போடுவது, எதற்கும் தடையில்லை. அந்த வரையறை அந்தச் சட்டத்தோடு நின்றுவிடும் என்பதுதான் விஷயம். அதைத் தூக்கிக்கொண்டு வங்கிக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

கையெழுத்தைவிடப் பெரிய சிக்கல் சேர்க்கைப் படிவத்தின் 'தந்தை பெயர்' கட்டம். பாசத்தில் மாற்றாந்தந்தை பெயரை அதில் எழுதிவிடுவார்கள். பிறப்புச் சான்றில் பெற்ற தந்தை பெயர் இருக்கும். சேர்க்கைப் பதிவேட்டில் விழுந்தது டி.சி.க்குப் போகும், டி.சி.யில் விழுந்தது பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றுக்குப் போகும். பாஸ்போர்ட் எடுக்கும்போதுதான் இரண்டு காகிதத்தில் இரண்டு அப்பா என்று தெரியும். அதுவரை ஒருவர் கண்ணிலும் படாது. தத்தெடுப்பு முடியும்வரை தந்தை கட்டத்தில் பிறப்புச் சான்றில் உள்ள பெயரே இருக்கட்டும். மாற்றாந்தந்தை பெயரை 'பொறுப்பாளர் / தொடர்புக்கு' என்ற கட்டத்தில் எழுதுங்கள். படிவத்தில் அந்தக் கட்டம் இல்லையென்றால் தாய் கையெழுத்திட்ட ஒரு கடிதம் போதும்: இன்னார் குழந்தையை அழைத்துப் போகலாம், அவசரத்துக்கு இவரைக் கூப்பிடலாம்.

4-8-2025, இரவு 9.30 | கூண்டுக்குவெளியே

பத்திரக்கட்டு ஆரம்பித்துவைத்ததால் பட்டியலை நீட்டுகிறேன். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தில் 'குழந்தை' என்றால் மாற்றாங்குழந்தையும் சேர்த்தி. வருமான வரிச் சட்டத்திலும் சேர்த்தி. கம்பெனிகள் சட்டத்தின் 2014 விதிகளில் 'உறவினர்' பட்டியலில் மாற்றாந்தந்தை, மாற்றாந்தாய், மாற்றாமகன் மூவரும் உண்டு. போக்சோவில் திருமண வழி உறவினர் குற்றம் செய்தால் கடும் குற்றம். இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 75-இல், குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் கொடுமைப்படுத்தினால் சிறை. 'நான் பெற்ற அப்பன் இல்லையே' என்ற வாதம் அங்கே எடுபடாது.

ஆக, கணக்குக் காட்டவும் தண்டனை வாங்கவும் நீ அப்பன். முடிவெடுக்க மட்டும் யாரோ.

5-8-2025, காலை 7.50 | முத்திரைத்தாள்

சிரித்தேன், ஆனால் ஒரு இடத்தில் உரிமைப் பக்கமும் உண்டு. ஆஸ்பத்திரி. பாரதிய நியாய சன்ஹிதா பிரிவு 28: 12 வயதுக்குட்பட்ட குழந்தையின் நன்மைக்காக நல்லெண்ணத்தில் செய்யும் செயலுக்குக் காப்பாளரோ, குழந்தையைச் சட்டப்படி தன் பொறுப்பில் வைத்திருப்பவரோ சம்மதம் தரலாம். தாய் ஊரில் இல்லாதபோது அவர் ஒப்படைத்துவிட்டுப் போன கணவர் இந்த இரண்டாம் வகையில் வருவார். யாரையும் கேட்க நேரமில்லாத அவசரத்தில் பிரிவு 30 மருத்துவருக்கே பாதுகாப்பு தருகிறது. 'கையெழுத்துக்கு ஆளில்லை' என்று சிகிச்சையை நிறுத்தத் தேவையில்லை.

இரண்டுக்கும் நடுவில்தான் தகராறு வரும். உயிர் அவசரம் இல்லை, ஆனால் மயக்க மருந்து தர வேண்டும். எலும்பு முறிவு மாதிரி. ஆஸ்பத்திரி 'அப்பாவா?' என்று கேட்கும். அதற்காகத் தாயின் கையெழுத்தோடு ஒரு பக்க அதிகாரக் கடிதம் வீட்டிலும் பள்ளியிலும் ஆளுக்கொரு பிரதி. குழந்தையின் பெயர், பிறந்த தேதி, ரத்த வகை, ஒவ்வாமை, 'மருத்துவ சிகிச்சைக்கும் அறுவைச் சிகிச்சைக்கும் சம்மதம் தர இன்னாரை அனுமதிக்கிறேன்' என்ற வாசகம், தாயின் அடையாள அட்டை நகல். நோட்டரி முத்திரை கட்டாயமில்லை. இருந்தால் கவுண்ட்டரில் பேச்சு குறையும்.

5-8-2025, காலை 8.15 | பத்திரக்கட்டு

28 இல்லை, 27. பழைய இ.பி.கோ. 89 புதியதில் 27 ஆனது. 28 பழைய 90.

5-8-2025, காலை 8.20 | முத்திரைத்தாள்

ஆமாம், 27. புது எண்கள் இன்னும் கைக்குப் பழகவில்லை.

5-8-2025, மாலை 6.05 | இரண்டாம்பக்கம்

சரி, துணுக்கு பொய். அப்படியென்றால் உண்மையான வழி எது? தத்தெடுப்பா, நீதிமன்றமா?

6-8-2025, காலை 6.40 | முத்திரைத்தாள்

மூன்று கதவு: தத்து, நீதிமன்றக் கார்டியன் உத்தரவு, உயில். எந்தக் கதவு திறக்கும் என்பது ஒரே கேள்வியில் இருக்கிறது. குழந்தையைப் பெற்ற அந்த இன்னொருவர் உயிரோடு இருக்கிறாரா? இதைக் கேட்காமல் ஆலோசனை சொல்கிறவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

முதலில் தத்து. இந்துக்களுக்கு (பௌத்தர், சமணர், சீக்கியர் உட்பட) இரண்டு பாதை. ஒன்று 1956 இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம். கொடுப்பது, எடுப்பது, பத்திரம், அவ்வளவுதான். நீதிமன்றமும் வேண்டாம், கலெக்டரும் வேண்டாம். மற்றொன்று 2015 இளைஞர் நீதிச் சட்டமும் 2022 தத்தெடுப்பு ஒழுங்குமுறைகளும். காராவின் (தத்தெடுப்புக்கான மத்திய அரசு அமைப்பு) கேரிங்ஸ் இணையதளத்தில் தம்பதி இருவரும் பதிய வேண்டும், ஆவணங்களை ஏற்ற வேண்டும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு வழியாக மாவட்ட ஆட்சியரின் உத்தரவு வரும். 1-9-2022-க்கு முன் இந்த உத்தரவு நீதிமன்றத்தில் கிடைத்தது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு இன்னும் கோர்ட் படியேறுகிறவர்கள் உண்டு.

முதல் பாதை எளிது என்று எல்லோரும் அதில் இறங்குவார்கள். அதில் இருக்கும் குழிகள்:

வயது 15-க்குக் கீழ் இருக்க வேண்டும் (வேறு வழக்காறு இருந்தாலொழிய). தந்தையாக எடுப்பவருக்கும் பெண் குழந்தைக்கும், தாயாக எடுப்பவருக்கும் ஆண் குழந்தைக்கும் 21 வயது இடைவெளி வேண்டும். 28 வயது மாற்றாந்தாய் 10 வயதுப் பையனைத் தத்தெடுக்க நினைத்தால் இடைவெளி 18, செல்லாது.

எடுப்பவருக்கு இந்து மகன், மகன் வழிப் பேரன், கொள்ளுப்பேரன் யாரும் உயிரோடு இருந்தால் ஆண் குழந்தையை எடுக்க முடியாது. மகளோ மகன் வழிப் பேத்தியோ இருந்தால் பெண் குழந்தையை எடுக்க முடியாது. மாற்றாந்தந்தைக்கு முதல் திருமணத்தில் மகன் இருந்தால் மனைவியின் மகனுக்குக் கதவு மூடியது. மகன் இல்லை, ஆனால் இந்தத் திருமணத்தில் ஒரு ஆண் குழந்தை பிறந்துவிட்டது என்றாலும் மூடியது. தள்ளிப்போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

மனைவிக்கு இரண்டு மகன்கள் என்றால் இன்னும் விசேஷம். மூத்தவனைத் தத்தெடுத்த நிமிஷத்தில் இவருக்கு 'மகன்' வந்துவிட்டான். இளையவனை எடுக்க முடியாது. ஒரே பத்திரத்தில் இருவரையும் எழுதினாலும் அதே கதிதான்.

இளைஞர் நீதிச் சட்டப் பாதையில் இந்தத் தடை எதுவும் கிடையாது. 18 வரை எடுக்கலாம். மாற்றாந்தந்தை, மாற்றாந்தாய் தத்தெடுப்புக்கு வயது வரம்புகளும், 2 ஆண்டு நிலையான திருமண வாழ்வு என்ற விதியும் பொருந்தாது. கணவன் மனைவி வேறு வேறு மதம் என்றாலும் தடையில்லை. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் யாரும் இந்த வழியில் வரலாம் என்று 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 'அலைச்சல்' என்று இதை ஒதுக்குகிறவர்கள், அலைச்சலில்லாத பத்திரம் 20 வருஷம் கழித்துச் சொத்து வழக்கில் செல்லாமல் போவதை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்க்கட்டும்.

6-8-2025, காலை 11.15 | பத்திரக்கட்டு

முதல் பாதையில் போகிறவர்களுக்குப் பத்திரம் பற்றி.

மாற்றாந்தந்தை தத்தெடுத்தால் கொடுப்பவர் தாய், எடுப்பவர் அவருடைய கணவர். கணவர் தத்தெடுக்க மனைவியின் சம்மதமும் வேண்டும்; அந்த மனைவியும் இதே தாய்தான். ஆகவே ஒரே ஆள் இரண்டு இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும், ஒரு முறை கொடுப்பவராக, ஒரு முறை எடுப்பவரின் மனைவியாக. பெரும்பாலான பத்திரங்களில் இரண்டாவது இருக்காது.

'கொடுத்தேன், எடுத்துக்கொண்டேன்' என்ற செயல் உண்மையில் நடந்திருக்க வேண்டும். தத்த ஹோமம் (தத்துச் சடங்கு) கட்டாயமில்லை என்று சட்டமே சொல்கிறது, ஆனால் கொடுத்து வாங்குவது கட்டாயம். தேதி, இடம், முன்னிலையில் இருந்தவர்கள் பெயரைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். ஏற்கெனவே ஒரே வீட்டில் வளரும் குழந்தையை எப்படிக் கொடுத்து வாங்குவது என்று கேட்பார்கள். தாய் மடியிலிருந்து கணவர் மடிக்கு, சாட்சிகள் பார்க்க. ஒரு போட்டோ.

பதிவு கட்டாயமில்லை. ஆனால் கொடுப்பவர், எடுப்பவர் இருவர் கையெழுத்தோடும் பதிவான பத்திரம் இருந்தால், தத்து சட்டப்படி நடந்தது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும் (பிரிவு 16). இல்லை என்று காட்டும் சுமை எதிராளிக்கு. ஒரு கையெழுத்து விட்டுப்போனால் அந்த அனுமானமும் போச்சு.

பெற்ற தந்தை உயிரோடு இருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் தாய் மட்டும் கொடுக்க முடியாது. அவர் துறவு பூண்டிருக்க வேண்டும், இந்து மதத்தை விட்டிருக்க வேண்டும், அல்லது மனநலம் குன்றியவர் என்று நீதிமன்றம் அறிவித்திருக்க வேண்டும். விலக்கு இந்த மூன்றுக்குத்தான்.

6-8-2025, பகல் 1.30 | இரண்டாம்பக்கம்

விவாகரத்து ஒப்பந்தத்தில் "குழந்தையின் மேல் எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று அப்பா எழுதிக் கொடுத்திருந்தால்?

6-8-2025, பகல் 2.10 | முத்திரைத்தாள்

அது கஸ்டடியை விட்டுக்கொடுத்ததற்குச் சான்று. தத்துச் சம்மதம் இல்லை. தந்தை என்ற நிலையை ஒப்பந்தம் போட்டு ராஜினாமா செய்ய முடியாது. குழந்தைக்கு வர வேண்டிய ஜீவனாம்சத்தையும் பெற்றோர் இருவர் சேர்ந்து விட்டுக்கொடுக்க முடியாது. பரஸ்பர சம்மத விவாகரத்து வரைவு எழுதும்போதே, பின்னாளில் தத்தெடுப்பு வந்தால் தனியாகச் சம்மதக் கடிதம் தருவேன் என்று ஒரு பத்தி சேர்ப்பது நல்லது. அதையும் பின்னால் அவர் மறுக்கலாம். ஆனால் ஆள் பேச்சுவார்த்தையில் இருக்கும் நேரம் அதுதான்.

கஸ்டடி வழக்கு நிலுவையில் இருந்தால் கேரிங்ஸ் பாதையும் நகராது. வழக்கு முடிந்த பிறகுதான் கோப்பு தொடங்கும்.

6-8-2025, இரவு 10.05 | கூண்டுக்குவெளியே

காணாமல் போன அப்பா அந்த மூன்றில் எதிலும் வரவில்லையே? ஓடிப்போனவனைத் துறவி என்று எழுதிவிடலாமா?

7-8-2025, காலை 7.00 | பத்திரக்கட்டு

காவி கட்டி ஓடியிருந்தால் யோசிக்கலாம். மற்றபடி, 7 ஆண்டு தகவலே இல்லையென்றால் இறந்ததாக அனுமானிக்கச் சாட்சியச் சட்டத்தில் இடம் உண்டு. உரிமையியல் நீதிமன்றத்தில் அறிவிப்புத் தீர்ப்பு வாங்கிக்கொண்டு பத்திரம் எழுதுவது முறை. 'தகவல் இல்லை' என்று பத்திரத்தில் ஒரு வரி எழுதிவிட்டு நகர்வது முறையில்லை. அந்த ஆள் திரும்பி வந்தால் முதலில் விழுவது அந்தப் பத்திரம்தான்.

9-8-2025, மாலை 4.45 | முத்திரைத்தாள்

6-ஆம் தேதி நான் எழுதியதைப் படித்தால் தத்துதான் எல்லாவற்றுக்கும் மருந்து என்பது போல இருக்கிறது. இல்லை. குழந்தைக்கு அதில் ஒரு நஷ்டம் ஒளிந்திருக்கிறது.

பெற்ற தந்தை இறந்துவிட்டார், அவர் பங்கு ஏற்கெனவே குழந்தைக்கு வந்துவிட்டது என்றால் தத்துக்குப் பிறகும் அது குழந்தையுடையதே. ஆனால் தந்தை வழித் தாத்தா இன்னும் இருக்கிறார், அவர் பெயரில் சுயார்ஜிதச் சொத்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இறந்துபோன மகனின் குழந்தை என்ற முறையில் இந்தக் குழந்தை அவருக்கு முதல் வகுப்பு வாரிசு. தத்து போனால் பிறந்த வீட்டோடு தொடர்பு அறும், அந்த வாரிசுரிமையும் அறும். தாத்தா உயில் எழுதினால் உண்டு, இல்லையென்றால் இல்லை. மறுபக்கம், தத்து இல்லையென்றால் மாற்றாந்தந்தை உயில் எழுதாமல் இறக்கும்போது அவர் சொத்தில் இந்தக் குழந்தைக்குச் சல்லிக்காசு கிடையாது. எந்தப் பக்கம் கனம் என்று பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். தாத்தா பாட்டி தத்தை எதிர்க்கிறார்கள் என்றால் எப்போதும் வீம்பு என்று நினைக்காதீர்கள், சில சமயம் பேரனுக்காகவே எதிர்க்கிறார்கள்.

இன்னொன்று: தத்தை ரத்து செய்ய முடியாது. பிரிவு 15. இந்தத் திருமணமும் முறிந்தால் அவர் தந்தையாகவே நீடிப்பார். ஜீவனாம்சம் தர வேண்டும், குழந்தையைப் பார்க்கும் உரிமையும் கேட்கலாம்.

9-8-2025, இரவு 8.20 | கூண்டுக்குவெளியே

ஒரு வேடிக்கை. மனைவி இருக்கும் ஒருவர் தத்தெடுத்தால் அந்த மனைவி 'தத்துத் தாய்' ஆகிவிடுவார் என்று பிரிவு 14 சொல்கிறது. சட்டத்தின் சொற்படி பார்த்தால், பத்து மாதம் சுமந்து பெற்றவள் தன் கணவர் பத்திரம் போட்ட அன்று தன் பிள்ளைக்கே தத்துத் தாய்.

இதே பிரிவில் வேறொன்றும் உண்டு. திருமணமாகாத பெண் ஒருவர் குழந்தையைத் தத்தெடுத்துவிட்டுப் பிறகு கல்யாணம் செய்தால், அந்தக் கணவர் மாற்றாந்தந்தை. ஒருமுறை தத்துப் போன குழந்தையை இந்தச் சட்டத்தில் மறுபடி தத்தெடுக்க முடியாது. ஆக, அவர் மாற்றாந்தந்தையாகவே இருக்க வேண்டியதுதான்.

12-8-2025, காலை 9.00 | இரண்டாம்பக்கம்

தத்து வேண்டாம், கார்டியன் உத்தரவு மட்டும் போதும் என்றால்?

12-8-2025, பகல் 3.35 | முத்திரைத்தாள்

1890 கார்டியன் அண்ட் வார்ட்ஸ் சட்டம். குழந்தை வழக்கமாக வசிக்கும் இடத்துக்குரிய நீதிமன்றம். குடும்ப நீதிமன்றம் இருக்கும் ஊரில் அங்கே. உறவினரோ நண்பரோ யாரும் மனுப் போடலாம், அதனால் மாற்றாந்தந்தை மனுப் போடத் தகுதி உண்டு. தகுதி இருப்பதாலேயே உத்தரவு வந்துவிடாது. பிரிவு 19: தந்தையோ தாயோ உயிரோடு இருந்து, தகுதியற்றவர் என்று நீதிமன்றம் கருதாதவரை, குழந்தையின் உடலுக்கு (அதாவது சொத்துக்கு அல்ல, ஆளுக்கு) வேறு காப்பாளரை நியமிக்கக் கூடாது. தாய் நன்றாக இருக்கும்போது கணவரும் மனைவியும் கைகோத்துக்கொண்டு போய் 'இவரையும் கார்டியனாகப் போடுங்கள்' என்றால் நீதிபதி கேட்கும் முதல் கேள்வி, 'அம்மா உங்களுக்கு என்ன குறை?'

ஆக இந்தக் கதவு உண்மையில் திறப்பது தாய் இறந்த பிறகு. அப்போது குழந்தையை விட்டு ஒதுங்கியிருந்த பெற்ற தந்தை திரும்பி வருவார், பிரிவு 25-இல் கஸ்டடி கேட்பார். காகிதத்தில் அவர் கை ஓங்கியிருக்கும். மாற்றாந்தந்தைக்குப் பிடிமானம் குழந்தையின் நலனும் பிரிவு 17-உம். குழந்தையோடு இருந்த முந்தைய உறவு, இறந்த தாயின் விருப்பம், விவரம் புரியும் வயதென்றால் குழந்தையின் விருப்பம், எல்லாவற்றையும் நீதிமன்றம் பார்க்க வேண்டும். அங்கே பேசுவது காகிதம்: பள்ளிக் கட்டண ரசீதுகள், தடுப்பூசி அட்டையில் யார் அழைத்து வந்தார் என்ற குறிப்பு, பெற்றோர் கூட்ட வருகைப் பதிவு, ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் தாள்.

மனுவோடு, காப்பாளராக இருக்கச் சம்மதம் என்ற உறுதிமொழி தனியாக இணைக்க வேண்டும். அதில் குறைந்தது இரண்டு சாட்சிகள் கையெழுத்து வேண்டும் (பிரிவு 10). ஒரு சாட்சியோடு தாக்கல் செய்தால் திருப்பித் தருவார்கள். உத்தரவு வந்த பிறகு நீதிமன்ற எல்லையைத் தாண்டிக் குழந்தையைக் குடியேற்ற வேண்டுமென்றால் முன் அனுமதி வேண்டும் (பிரிவு 26). வேலை மாற்றத்தில் பலர் மறக்கும் இடம் இது. உத்தரவு குழந்தைக்கு 21 வயது ஆகும்வரை.

12-8-2025, மாலை 5.10 | பத்திரக்கட்டு

18. நீதிமன்றக் காப்பாளர் இருந்தால் 21 என்பது பழைய விதி. 1999 திருத்தத்தோடு அது போய்விட்டது.

12-8-2025, மாலை 5.25 | முத்திரைத்தாள்

சரிதான். படித்த புத்தகத்தின் வயது தெரிந்துவிட்டது.

13-8-2025, காலை 8.45 | பத்திரக்கட்டு

மூன்றாவது கதவை யாரும் தொடவில்லை. உயில்.

விதவைத் தாய் மறுமணம் செய்திருக்கிறார் என்றால், தனக்குப் பின் குழந்தைக்குக் காப்பாளர் இன்னார் என்று உயிலில் எழுதலாம் (1956 காப்பாளர் சட்டம், பிரிவு 9). இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை. தத்து வேண்டாம், தாத்தா சொத்து போகக் கூடாது, ஆனால் நான் இல்லாவிட்டால் இவரே வளர்க்கட்டும் என்கிற தாய்க்கு இதைவிட மலிவான, பொருத்தமான வழி இல்லை. இறந்துபோன முதல் கணவர் ஏற்கெனவே தன் உயிலில் யாரையாவது காப்பாளராக நியமித்திருந்தாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். தாய் யாரையும் நியமிக்காமல் இறந்தால் அந்தப் பழைய நியமனம் உயிர் பெறும்.

விவாகரத்தான தாய், பெற்ற தந்தை உயிரோடு இருக்கிறார் என்றால் உயில் அவரைத் தள்ளிவிடாது. இருந்தும் எழுதி வைக்க வேண்டும். முத்திரைத்தாள் சொன்ன பிரிவு 17-இல் 'இறந்த பெற்றோரின் விருப்பம்' என்று இருக்கிறதே, அதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடையாது. பெயரை மட்டும் எழுதாமல் காரணத்தையும் எழுதுங்கள்: எந்த வருடத்திலிருந்து யார் வளர்க்கிறார், பெற்ற தந்தை கடைசியாக எப்போது பார்த்தார்.

இன்ஷூரன்ஸில் மைனர் நாமினிக்கு 'அப்பாயின்ட்டி' (மைனர் சார்பில் பணத்தைப் பெறுபவர்) கேட்பார்கள். அதற்கு இயற்கைக் காப்பாளராக இருக்கத் தேவையில்லை, மாற்றாந்தந்தை பெயர் போடலாம். அவர் கையெழுத்து வேண்டும். வங்கிக் கணக்கும் மியூச்சுவல் ஃபண்டும் அப்படியல்ல, இயற்கைக் காப்பாளர் அல்லது நீதிமன்றம் நியமித்தவர் மட்டும்.

13-8-2025, இரவு 7.15 | இரண்டாம்பக்கம்

திருமணமே செய்யாமல் சேர்ந்து வாழ்கிறவர்கள்?

14-8-2025, காலை 10.30 | முத்திரைத்தாள்

மூன்றில் தத்துக் கதவு அவர்களுக்கு இல்லை. கணவன் மனைவியாகத்தான் சேர்ந்து தத்தெடுக்க முடியும் என்ற ஒழுங்குமுறையை 17-10-2023 அன்று சுப்ரியோ வழக்கில் ஐந்து நீதிபதிகளில் மூவர் உறுதி செய்தார்கள்; தலைமை நீதிபதி உள்ளிட்ட இருவர் மாறுபட்டார்கள். தன்பாலினத் துணைகளுக்கும் இதே நிலைதான். அவர்கள் கையில் மிஞ்சுவது உயிலும், அதிகாரக் கடிதமும், நாளை ஒரு கஸ்டடி மனு வந்தால் காட்ட வேண்டிய ரசீதுகளும். பெற்றவர் ஒப்படைத்த பொறுப்பு என்பது வெறும் பேச்சில்லை. குழந்தைக் கடத்தல் பிரிவில் (பாரதிய நியாய சன்ஹிதா 137) 'சட்டப்படியான காப்பாளர்' என்பதில் பராமரிப்பு முறையாக ஒப்படைக்கப்பட்டவரும் அடங்குவார். அந்த ஒப்படைப்பு எழுத்தில் இருக்கட்டும்.

திருமணமாகாத தாய் என்றால் காப்பாளர் நிலை அவருக்கே முதலில். கார்டியன் மனுவில் தந்தை பெயரைச் சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2015-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

14-8-2025, பகல் 12.00 | பத்திரக்கட்டு

இனிஷியல், குடும்பப் பெயர் பற்றித் தனிச்செய்தியில் இரண்டு பேர் கேட்டார்கள். 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தீர்த்த விஷயம். கணவர் இறந்து மறுமணம் செய்த தாய், இயற்கைக் காப்பாளர் என்ற முறையில் குழந்தையின் குடும்பப் பெயரைத் தானே முடிவு செய்யலாம். ஆவணங்களில் இரண்டாம் கணவரை 'மாற்றாந்தந்தை' என்று குறிக்க வேண்டும் என்ற உயர் நீதிமன்ற உத்தரவைக் கிட்டத்தட்டக் கொடூரமானது என்றே வர்ணித்தது. ஆனால் பெயர் மாறியதால் காப்பாளர் நிலை மாறாது. பாஸ்போர்ட்டில் தந்தை கட்டத்தில் மாற்றாந்தந்தை பெயர் வர வேண்டுமென்றால் தத்து ஆவணத்தோடு போங்கள். இல்லையென்றால் தாய் பெயர் மட்டும் கொடுத்து எடுக்க வழி இருக்கிறது. பெற்றோரில் ஒருவர் சம்மதம் மட்டும் இருக்கும் நிலைக்கு அனெக்சர் சி என்ற உறுதிமொழிப் படிவம்.

14-8-2025, இரவு 9.50 | கூண்டுக்குவெளியே

மறுமணம் செய்தால் கஸ்டடி போய்விடும் என்று மிரட்டுகிற மாமியார்களுக்கு: 2006-லேயே உச்ச நீதிமன்றம் தாயின் மறுமணம் தகுதிக்குறைவு ஆகாது என்றுவிட்டது. முஸ்லிம் தனிச்சட்டத்தில் குழந்தைக்கு நெருங்கிய உறவல்லாதவரைத் தாய் மணந்தால் ஹிஸானத் (குழந்தையைத் தன்னிடம் வைத்து வளர்க்கும்) உரிமை போகும் என்ற விதி உண்டு. அங்கேயும் வழக்கு என்று வந்தால் குழந்தை நலன்தான் எடைபோடப்படும்.

கடைசியாக நம் துணுக்குக்காரருக்கு ஒரு பரிசு. 2007 பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம், பிரிவு 2(டி): 'பெற்றோர்' என்றால் மாற்றாந்தந்தையும் மாற்றாந்தாயும் உண்டு. வளர்க்கும்போது ரேங்க் கார்டைத் தவிர எதிலும் கையெழுத்து இல்லாதவர், வயதான காலத்தில் பராமரிப்புக் கேட்டுத் தீர்ப்பாயத்துக்கு மனுப் போடலாம். உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய்.

15-8-2025, காலை 6.30 | இரண்டாம்பக்கம்

துணுக்கை அனுப்பிய குழுவில் பிரிவு 6-இன் விளக்கத்தைப் போட்டேன். "இது பழைய சட்டம், மாறிவிட்டது" என்று பதில். எந்த ஆண்டு மாறியது என்று கேட்டிருக்கிறேன். இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.

15-8-2025, காலை 7.05 | பத்திரக்கட்டு

மாறவில்லை. 2010 திருத்தம் தொட்டது இந்து தத்தெடுப்புச் சட்டத்தின் 8, 9 பிரிவுகளையும் 1890 சட்டத்தின் பிரிவு 19-ஐயும். பிரிவு 6-இன் விளக்கம் 1956-இல் எழுதிய இடத்தில் அப்படியே இருக்கிறது.